கண்ட்வா ஸ்டேஷனில் இறங்கிப் போனவர்

கணிதம் படிக்கும் நண்பர்கள் சிலருக்கு வசிஷ்ட நாராயண் சிங் என்கிற பெயர் தெரிந்திருக்கலாம். ஃபார்வர்டு மெயில்களிலும் அப்புறம் வாட்ஸப்பிலும் "ஐன்ஸ்டீனுக்கே சவால் விட்ட பீகார்க்காரர்", "நாசாவில் கம்ப்யூட்டர் நின்றுபோனபோது மனக்கணக்காகவே போட்டுக் கொடுத்தவர்" என்றெல்லாம் சுற்றி வந்தாரே, அவரேதான். அந்த இரண்டு கதைக்கும் யாரும் ஒரு துண்டுக் காகிதத்தை ஆதாரமாகக் காட்டியதில்லை. அதனால் அவற்றை ஓரமாக வைத்துவிடுவோம். ஆதாரம் உள்ள கதையே போதுமான அளவு பெரியது.

பீகாரில் போஜ்பூர் மாவட்டம், பசந்த்பூர் கிராமம். அப்பா போலீஸ் கான்ஸ்டபிள். பையன் நேதர்ஹாட் பள்ளியில் படித்து, பாட்னா சயின்ஸ் காலேஜில் சேர்ந்து, அங்கே ஜான் கெல்லி என்கிற அமெரிக்கக் கணிதப் பேராசிரியரின் கண்ணில் படுகிறார். (டோபாலஜி படித்தவர்களுக்குக் கெல்லியின் புத்தகம் நினைவிருக்கும்.) கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கெல்லியிடமே 1969இல் டாக்டர் பட்டம். கொஞ்ச காலம் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வேலை. பிறகு இந்தியா திரும்பி ஐ.ஐ.டி. கான்பூர், பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையம், கல்கத்தா புள்ளியியல் நிறுவனம். எழுபதுகளின் நடுவிலேயே மனச்சிதைவு நோய் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது. ராஞ்சி பக்கம் காங்கே மனநல மருத்துவமனையில் வருடக்கணக்கில் இருந்தார். கல்யாண வாழ்க்கையும் முறிந்தது.

இனிமேல்தான் இந்தப் பதிவுக்கான விஷயம் வருகிறது.

1989 ஆகஸ்ட். உடன்பிறந்தவரின் துணையோடு ரயிலில் போய்க்கொண்டிருக்கிறார். மத்தியப் பிரதேசத்தில் கண்ட்வா ஜங்ஷன். (பாடகர் கிஷோர் குமாரின் சொந்த ஊர். வேறு எதற்காகவும் நம் பக்கத்தில் யாரும் இந்தப் பெயரைக் கேட்டிருக்க மாட்டோம்.) வண்டி நிற்கிறது. இவர் சொல்லாமல் இறங்குகிறார். அவ்வளவுதான். வண்டி கிளம்பிவிட்டது, ஆள் இல்லை.

நாற்பது வயது தாண்டிய, ஆபரேட்டர் தியரியில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிய, தன் பெயரைச் சொல்லக்கூட நிச்சயமில்லாத நிலையில் இருந்த ஒரு மனிதர் பிளாட்பாரக் கூட்டத்தில் கரைந்துபோனார். 1993இல் பீகாரில் சாப்ரா பக்கம் தோரிகஞ்ச் என்கிற ஊரில் அவரைக் கண்டுபிடித்தார்கள். சொந்த ஊர்க்காரர்கள் பார்த்து அடையாளம் கண்டதாகத்தான் செய்தி. வளர்ந்த தாடி, கந்தல், தெருவில் கிடந்து பிழைக்கிற நிலைமை.

மேப் எடுத்துப் பாருங்கள். தோரிகஞ்ச் கங்கையின் வடகரையில் இருக்கிறது. எதிர்க்கரை போஜ்பூர், அதாவது அவருடைய சொந்த மாவட்டம். கண்ட்வாவிலிருந்து அங்கே ஆயிரம் கிலோமீட்டருக்குக் குறையாது. அந்த மனிதர் எப்படியோ, யார் யார் போட்ட சாப்பாட்டிலோ, எத்தனை ரயில் மாறியோ, வீட்டுக்கு ஓர் ஆறு தூரம் வரை வந்துவிட்டார். தெரிந்தே வந்தாரா, தற்செயலா? அந்த நான்கு வருடத்துக்கு எந்த ஸ்டேஷனிலும் எந்த மருத்துவமனையிலும் அவர் பெயரில் ஒரு வரி இல்லை. ஆள் கிடைத்துவிட்டார் என்பதால் "கேஸ் முடிந்தது" என்கிறோம். காணாமல் போன நான்கு வருடம் மட்டும் இன்னும் காணாமலே இருக்கிறது.

அதற்குப் பிறகு பெங்களூர் நிம்ஹான்ஸில் சிகிச்சை, பிறகு டெல்லி, பிறகு ஊர். 2019 நவம்பர் 14 அன்று பாட்னா அரசு மருத்துவமனையில் இறந்தார். உடலை எடுத்துப்போக ஆம்புலன்ஸ் வராமல் குடும்பத்தார் வாசலில் காத்திருந்த வீடியோவை அன்று டிவியில் பார்த்திருப்பீர்கள். 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

திருத்தணிக்காரன் எதற்குப் பீகார் கதையை இழுத்துவைத்துப் பேசுகிறான் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. எங்கள் ஊர் ஸ்டேஷனும் அதே மாதிரி ஒரு ஸ்டேஷன்தான்.

மலைக்குப் போகிறவர்களுக்குத் திருத்தணி என்றால் 365 படி, ஆடிக்கிருத்திகை, பூக்காவடி. ரயில்வே மேப்பில் அது சென்னை - மும்பை தடத்தில் ஒரு புள்ளி. அரக்கோணத்தில் பிரிந்து திருத்தணி, ரேணிகுண்டா, கடப்பா, குண்டக்கல், ராய்ச்சூர் என்று போகும் இந்தத் தடம் 1871இலேயே பம்பாயோடு இணைந்துவிட்டது. திருத்தணிக்கு அடுத்த ஸ்டேஷன் பொன்பாடி. அதைத் தாண்டினால் ஆந்திரா. அதாவது எங்கள் ஊரில் டிக்கெட் இல்லாமல் ஏறி ஒரு மூலையில் உட்கார்ந்துவிடும் ஒருவர், டீ ஆறுவதற்குள் வேறொரு மாநிலத்துக்குப் போய்விடலாம். வேறு போலீஸ், வேறு ரிக்கார்டு, வேறு எழுத்து.

1960 ஏப்ரல் 1க்கு முன்னால் திருத்தணியே சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி.யும் எங்கள் ஊர் விநாயகமும் நடத்திய எல்லைப் போராட்டம், பட்டாஸ்கர் கமிஷன், பிறகு எல்லை மாற்றச் சட்டம் எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, இங்கே வேண்டாம். ஒரே ஒரு விஷயம்தான் சொல்லவேண்டும். கோடு போட்டது ஆபீஸ்களுக்கு. ஜனங்கள் அந்தக் கோட்டை இன்றைக்கும் ஒரு நாளைக்கு நாலு தடவை தாண்டுகிறார்கள். நகரியிலிருந்து இங்கே சந்தைக்கு வருவார்கள், இங்கிருந்து புத்தூருக்கு எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடப் போவார்கள். புத்தி தெளிவாக இருக்கிறவருக்கு இது பிரச்சினையே இல்லை. ஊர், பேர், அப்பா பேர் சொல்ல முடியாதவருக்கு அந்தக் கோடு ஒரு மதில்.

கிருத்திகை அன்று மலைமேல் மைக்கில் அறிவிப்பு போய்க்கொண்டே இருக்கும், தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை. "இன்ன ஊரிலிருந்து வந்த இன்னார், எங்கிருந்தாலும் உடனே வரவும், உங்கள் வீட்டார் காத்திருக்கிறார்கள்." பெரும்பாலும் வேலை செய்யும். குழந்தை என்றால் அழும், யாராவது தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். மனநலம் சரியில்லாத பெரியவர் என்றால்? அந்த மைக் கேட்கிறவருக்குத் தன் பெயர் தெரியும், "வரவும்" என்றால் வரவேண்டும் என்று புரியும் என்று நம்பித்தானே பேசுகிறது. அழாத ஒரு பெரிய ஆளை யாரும் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள். கொஞ்சம் விலகித்தான் நடப்பார்கள்.

சட்டமும் இந்த மைக் மாதிரியேதான் யோசித்திருக்கிறது. 2013 மே மாதம் உச்சநீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது: ஒரு குழந்தை காணாமல் போனால் கட்டாயம் எஃப்.ஐ.ஆர். போடவேண்டும், கடத்தல் என்றே வைத்துக்கொண்டு தேடவேண்டும். நல்ல தீர்ப்பு, எத்தனையோ குழந்தைகளுக்கு உதவியிருக்கிறது. ஆனால் 18 வயது தாண்டியவருக்கு அப்படி ஓர் ஊகம் கிடையாது. பெரியவர் என்றால் தன் இஷ்டத்துக்குப் போயிருப்பார் என்பதுதான் பொதுவான எண்ணம். "கோபத்துல போயிருப்பாரும்மா, ரெண்டு நாள்ல வந்துடுவாரு." எந்த ஊர் ஸ்டேஷனிலும் கேட்கக்கூடிய வசனம் இது. வயது ஐம்பது, மனசு பத்து வயசு என்று இருப்பவர் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறார்.

சரி, ஆள் போய்விட்டார். எங்கே இருப்பார்? நாம் பொதுவாகக் காடு, கிணறு, தண்டவாளம் என்று கற்பனை செய்கிறோம். அப்படியும் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சரித்திரத்தில் பதிவான சில கேஸ்களை வரிசையாகப் படித்தால் வேறு ஒன்று தெரிகிறது. காணாமல் போனவர் பல சமயம் ஒரு சர்க்கார் கட்டடத்துக்குள்ளேயே, சர்க்கார் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு, சர்க்கார் ரெஜிஸ்டரில் ஒரு நம்பராக இருந்திருக்கிறார்.

அஸ்ஸாமில் மச்சல் லாலுங் என்று ஒருவர். மோரிகாவ்ன் பக்கம் சில்சாங் கிராமம், திவா பழங்குடி. 1951இல், இருபத்துமூன்று வயது வாக்கில், கொடுங்காயம் ஏற்படுத்தியதாக ஒரு வழக்கில் பிடித்தார்கள். விசாரணை நடக்கவேயில்லை. தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967இல் மருத்துவமனை "இவர் தேறிவிட்டார்" என்று எழுதிக் கொடுத்தது. வீட்டுக்கு அனுப்பியிருக்கவேண்டும் அல்லவா? கவுஹாத்தி ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள்! அங்கே அப்படியே இருந்தார். 2005இல் தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்டபிறகுதான் வெளியே வந்தார், ஒரு ரூபாய் சொந்த ஜாமீனில். 54 வருடம். அவர் மேல் போட்ட பிரிவில் குற்றம் நிரூபணம் ஆகியிருந்தால்கூட அதிகபட்சம் பத்து வருடம், அல்லது ஆயுள் தண்டனை. நிரூபணம் ஆகாமலே ஆயுள் முடிந்துவிட்டது. ஊரில் அவர் செத்துப்போனதாகவே நினைத்திருந்தார்கள். வெளியே வந்தபோது தாய்மொழியே மறந்துபோயிருந்தது. உச்சநீதிமன்றம் 3 லட்சம் ரூபாயும் மாதம் 1000 ரூபாயும் கொடுக்கச் சொன்னது. 2007 டிசம்பரில் இறந்தார்.

இது ஒரு தனி விபத்து இல்லை. 1982இலேயே வீணா சேத்தி வழக்கில் பீகாரின் ஹசாரிபாக் சிறையில் மனநலம் சரியில்லை என்று வைத்தவர்கள் தேறியபிறகும் இருபது முப்பது வருடமாகக் கிடந்ததை உச்சநீதிமன்றம் பார்த்து, விடுதலை செய்யச் சொன்னது. ஒவ்வொருவருக்கும் வெளியே எங்கோ ஒரு வீடு இருந்திருக்கும். அந்த வீட்டின் கணக்கில் அவர் "காணவில்லை". சிறையின் கணக்கில் "இருக்கிறார்". இரண்டு கணக்கும் ஒரே மேஜைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

மொழி குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆண்ட்ராஸ் டோமா என்கிற ஹங்கேரிக்காரரின் கதையை எல்லைப்பக்கத்து ஜனங்கள் அவசியம் படிக்கவேண்டும். இரண்டாம் உலகப்போரில் சோவியத் படையிடம் பிடிபட்ட சிப்பாய். 1947இல் ரஷ்யாவில் கோடெல்னிச் என்கிற ஊரின் மனநல மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கே யாருக்கும் ஹங்கேரிய மொழி தெரியாது. இவருக்கு ரஷ்யன் வராது. இவர் பேசியதை நோயின் உளறல் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஐம்பத்துமூன்று வருடம் கழித்து அந்த மொழியை அடையாளம் தெரிந்த ஒருவர் காதில் விழுந்து, 2000இல் ஊர் திரும்பினார். மகனை, அண்ணனை, சித்தப்பாவைப் போரில் தொலைத்த பல குடும்பங்கள் "எங்கள் வீட்டு ஆளாக இருக்குமோ" என்று வந்தார்கள். டி.என்.ஏ. பார்த்துத்தான் எந்த வீடு என்று முடிவானது. 2004இல் இறந்தார்.

ஹங்கேரி எங்கே, நகரி எங்கே என்று சிரிக்காதீர்கள். ராயலசீமைத் தெலுங்கு மட்டும் தெரிந்த ஒரு பாட்டி மகாராஷ்டிராவில் ஒரு ஸ்டேஷனில் இறங்கிப் பேசினால் அது யார் காதில் என்னவாக விழும்?

இந்தத் தடத்திலேயே நடந்த ஒரு கதை இருக்கிறது. 1988 வாக்கில் மும்பையில் பரத் வாட்வானி என்கிற மனநல மருத்துவரும் அவர் மனைவியும் (அவரும் அதே துறை) தெருவில் ஓர் இளைஞரைப் பார்க்கிறார்கள். தேங்காய்ச் சிரட்டையில் சாக்கடைத் தண்ணீரை மொண்டு குடித்துக்கொண்டிருக்கிறார். கூட்டிவந்து சிகிச்சை கொடுக்கிறார்கள். தேறியதும் பேசுகிறார். பி.எஸ்ஸி. படித்தவர், லேப் டெக்னீஷியன் டிப்ளமோவும் முடித்தவர், ஊர் கடப்பா பக்கம், அப்பா ஜில்லா பரிஷத்தில் சூப்பரின்டெண்டன்ட்! கடப்பாவில் ஏறினால் இறங்காமலே மும்பை. எங்கள் ஊர் வழியாகப் போகிற அதே தண்டவாளம்தான். அப்பாவுக்குத் தகவல் போய் வீடு சேர்ந்தார். அந்த ஒருவரில் தொடங்கியதுதான் ஷ்ரத்தா என்கிற அமைப்பு. மும்பைக்கு வெளியே கர்ஜத்தில் ஒரு மையம் வைத்து ஆயிரக்கணக்கானவர்களை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். வாட்வானிக்கு 2018இல் மகசேசே விருது கிடைத்தது. சென்னையில் 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய பான்யன் பற்றி உங்களில் பலருக்குத் தெரியும். அவர்கள் எடுத்துக்கொண்டது முக்கியமாகத் தெருவில் அலையும் பெண்களை. இரண்டு இடத்திலும் வேலை ஒரே வரிசையில்தான் நடக்கிறது. முதலில் சாப்பாடு, குளியல். அப்புறம் மருந்து. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காத்திருந்தால் ஒருநாள் ஓர் ஊர்ப் பெயர் வாயில் வரும். அதைப் பிடித்துக்கொண்டு போவார்கள். துப்பறியும் நாவல்களில் வருகிற மாதிரி தடயம் எல்லாம் கிடையாது. மாத்திரைதான் துப்பு கொடுக்கிறது. எனக்கு இந்தச் சப்ஜெக்டில் மிகவும் ஆச்சரியமாக இருந்தது இதுதான்.

அப்படியானால் போலீஸ் என்ன செய்தது, சட்டம் என்ன சொன்னது? இங்கேதான் கொஞ்சம் சரித்திரம் தேவைப்படுகிறது.

1912ஆம் வருடத்து வெள்ளைக்காரன் சட்டம் ஒன்று இருந்தது. அதற்குப் பெயரே பைத்தியங்கள் சட்டம்தான். தெருவில் அலைகிறவரைப் போலீஸ் பிடித்து மாஜிஸ்டிரேட் முன் நிறுத்தலாம், அவர் மருத்துவமனைக்கு உத்தரவு போடலாம். நம் பக்கத்து ஆட்கள் அப்படிப் போய்ச் சேர்ந்த இடம் கீழ்ப்பாக்கம். 1794இல் தொடங்கிய காப்பகத்தின் வாரிசு அது. சட்டத்தின் கவலை எல்லாம் தெருவைப் பற்றி. ஆபத்தானவரை அப்புறப்படுத்தவேண்டும். அவரை யாராவது தேடுவார்கள் என்கிற எண்ணமே அதில் முக்கியமில்லை. சுதந்திரம் வந்தும் அதே சட்டம்தான் ஓடியது. 1987இல் புதுச்சட்டம் நிறைவேற்றி, 1993இல்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். வசிஷ்ட நாராயண் சிங் தெருவில் இருந்த காலம் முழுவதும் 1912 சட்டத்தின் கீழ்தான்.

புதுச்சட்டம் வந்தும் என்ன ஆனது என்பதற்கு ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, கீற்றுக் கொட்டகையில் தீ. சங்கிலியில் கட்டியிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்சநீதிமன்ற வழக்கின் தலைப்பில் 25 பேர் என்றே இருக்கும். எண்ணிக்கை பிறகு ஏறியது. அவர்கள் காணாமல் போனவர்கள் இல்லை, வீட்டார் கொண்டுவந்து விட்டவர்கள். ஆனால் தேடுவோர் இல்லாத நிலைக்கு அதுவும் ஒரு வழி.

இதை எழுதும்போது சோளிங்கரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. திருத்தணியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். மனசு சரியில்லாதவர்களை அங்கே கூட்டிவந்து தக்கான்குளத்தில் முழுக வைத்து, மலை ஏற்றி, ஆஞ்சநேயர் சன்னிதியில் வேண்டிக்கொள்வது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. பகுத்தறிவு பேசி இதைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. சொந்தக்காரர் கூடவே தங்கி, கையைப் பிடித்துக் குளத்தில் இறக்கி, ஈரத்துணியோடு படி ஏற்றிக் கூட்டிப்போகிறார்கள். ஏர்வாடியில் சங்கிலி செய்த வேலையை இங்கே அந்தக் கை செய்கிறது. என் கவலை வேறு. இவ்வளவு பேர் வெளியூரிலிருந்து வருகிற வட்டாரத்தில் ஒரு நிமிஷம் அந்தக் கை நழுவினால், பத்து அடியில் பஸ் ஸ்டாண்டு, அரை மணியில் இரண்டு மாநில ரயில்.

கை நழுவிப்போன வீட்டில் என்ன நடக்கும்? சட்டப்படி ஏழு வருடம். 1872 சாட்சியச் சட்டத்தில் இருந்த விதி, 2024 ஜூலை 1 முதல் வந்த புதுச்சட்டத்திலும் அப்படியே தொடர்கிறது. கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்களே ஏழு வருடமாக ஒருவரைப் பற்றி எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்கவேண்டும். நம் பழைய தர்மசாஸ்திர வழக்கில் இது பன்னிரண்டு வருடம். அதற்குப் பிறகு தர்ப்பையில் உருவம் செய்து கொள்ளி வைப்பார்கள். ஏழோ பன்னிரண்டோ, அதுவரை பேங்க் பணம் எடுக்க முடியாது, பட்டா மாற்ற முடியாது, விதவை உதவித்தொகைக்கும் மனு போட முடியாது. அந்த வீட்டம்மா பொட்டு வைத்துக்கொண்டால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் இன்னொரு பேச்சு. போனவர் ஏற்கெனவே "ஒரு மாதிரி" இருந்தவர் என்றால், "விடுங்க, போனது நல்லதுக்குத்தான்" என்று ஆறுதல் சொல்லவும் ஆள் வரும். கேட்கவே கூசுகிறது, ஆனால் சொல்கிறார்கள்.

நிலைமை மாற ஆரம்பித்தது 2017ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தில். 2018இல் அமலுக்கு வந்தது. அதன் 100ஆவது பிரிவை யாரும் பேசுவதில்லை, சட்டம் படிக்கிற நண்பர்களாவது பேசவேண்டும். தெருவில் அலையும் மனநலம் பாதித்தவரைப் போலீஸ் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் காட்டவேண்டும். லாக்கப்பில், ஜெயிலில் வைக்கக்கூடாது. அதோடு வீடில்லாமல் அலைகிற ஒருவர் கிடைத்தால் அந்த ஸ்டேஷனிலேயே "காணவில்லை" என்று எஃப்.ஐ.ஆர். போடவேண்டும். குடும்பத்தைத் தேடுவது ஸ்டேஷன் அதிகாரியின் கடமை.

திரும்ப ஒருமுறை படியுங்கள். ஆள் கண்ணெதிரே இருக்கிறார், ஆனால் "காணவில்லை" என்று எஃப்.ஐ.ஆர்.! முதலில் படித்தபோது அச்சுப்பிழையோ என்று தோன்றும். நூறு வருடக் குழப்பத்துக்கு இவ்வளவு எளிய மருந்து. கண்ட்வாவில் ஒரு "காணவில்லை", தோரிகஞ்சில் ஒரு "காணவில்லை". இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே ஆள். போலீஸ் ஸ்டேஷன்களை கம்ப்யூட்டரில் இணைக்கும் திட்டத்துக்கு 2009இலேயே ஒப்புதல் கிடைத்துவிட்டதால் பக்கத்தில் வைப்பதற்கான மேஜையும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2018 முதல் மாவட்ட அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் தெருவிலிருந்து மீட்டவர்களுக்கென்று தனி மையமும் வைத்திருக்கிறார்கள். பேப்பரில் இருப்பது ஸ்டேஷனில் நடக்கிறதா என்றால், கேட்டு வாங்குகிற இடத்தில் நடக்கிறது.

இன்னொரு உதவி யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது, ஆதார். காப்பகங்களில் பெயர் தெரியாமல் இருப்பவர்களுக்கு ஆதார் எடுக்கக் கூட்டிப்போகிறார்கள். கைரேகை வைத்தால், "இந்த ரேகை ஏற்கெனவே இருக்கிறது" என்று விண்ணப்பம் திரும்பி வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் ஊர், வீடு, அம்மா! இப்படிப் பல வருடம் கழித்து வீடு சேர்ந்தவர்கள் பல மாநிலங்களில் இருக்கிறார்கள். ஆதாரின் மற்ற விஷயங்களில் எனக்கு நிறைய சண்டை உண்டு (தனிப் பதிவு போடலாம்), இந்த ஒன்றில் இல்லை. ஆனால் கார்டு வருவதற்கு முன்னால், அதாவது 2010க்கு முன்னால் போனவர்களின் ரேகை எந்த கம்ப்யூட்டரிலும் இல்லை. எண்பதுகளில், தொண்ணூறுகளில் போனவர்கள் இன்னமும் அம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் இருக்கும் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவில்தான் இருக்கிறார்கள்.

யார் வீட்டிலாவது இப்படி ஆகிவிட்டால் செய்யவேண்டியதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, அன்றைக்கே புகார் கொடுங்கள். புகாரில் வயதோடு நிறுத்தாமல் நோயின் பெயர், சாப்பிடும் மாத்திரை, வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரி எல்லாம் எழுதுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் "கோபித்துக்கொண்டு போனவர்" கணக்கில் சேர்த்துவிடுவார்கள். தெரிந்த மொழி எது, அவர் வாயில் அடிக்கடி வரும் ஊர்ப் பெயர் எது என்று எழுதுங்கள். ஊர் போலீஸோடு நிற்காமல் ரயில்வே போலீஸிலும் தனியாகக் கொடுங்கள். எங்கள் பக்கம் என்றால் அரக்கோணத்தில் ஒன்று, ரேணிகுண்டாவில் ஒன்று, இரண்டாவதைத் தெலுங்கில் எழுதி.